பச்சை விளக்குக்கு ஊதியவர்கள்

கேட்காதவர்களுக்கு அறிவுரை சொல்வதைச் சொந்தக்காரர்கள் எல்லா ஊரிலும் சும்மாவே செய்கிறார்கள். அதையே கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு செய்தால் விழிப்புணர்வுப் பணி என்று பெயர்.

நான் அந்தப் பணியில் இருக்கிறேன். திருவனந்தபுரத்தில், புகைப்பதை நிறுத்தச் சொல்லும் ஒரு திட்டத்தில் களப்பணியாளர். தமிழும் மலையாளமும் தெரிந்த பெண் வேண்டும் என்று தேடியபோது நான் கிடைத்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஒப்பந்தம் ஆறு மாதம். ஆறாம் மாதக் கடைசியில், குறைந்தது முப்பது நாளாகப் புகையைத் தொடாதவர் ஒருவராவது என் பட்டியலில் இருந்தால் ஒப்பந்தத்தை நீட்டிப்பார்கள். இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். எங்கள் ஒருங்கிணைப்பாளர் லேகா மேடம் இதை முதல் நாளே மெதுவான குரலில் இரண்டு முறை சொன்னார். சத்தமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

இன்சூரன்ஸ் விற்பவர்கள், வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போகிறவர்கள், கடைசி பெஞ்சைப் பார்த்துப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், நீங்கள் எல்லோரும் என் இனம். உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அணைந்த முதல் பீடி

ஆரியசாலை மொத்த வியாபாரக் கடைகளுக்கு லாரியில் வரும் மூட்டைகளை இறக்கப் பன்னிரண்டு சுமட்டுத் தொழிலாளிகள் கொண்ட ஒரு குழு இருக்கிறது. எல்லோருக்கும் நீலச் சட்டை. லாரி வராத நேரத்தில் சாத்திய ஷட்டர் ஒன்றின் முன்னால் வரிசையாக உட்கார்ந்து பீடி வலிப்பார்கள். முதல் நாள் கையில் கோப்போடு நான் தெருவுக்குள் நுழைந்ததும் பன்னிரண்டு பீடியும் ஒரே நொடியில் காணாமல் போயின. பொது இடத்தில் புகைத்தால் இங்கே அபராதம் உண்டு. நான் அதற்கு வந்த ஆள் என்று நினைத்துவிட்டார்கள்.

வீட்டில் கண்ணாடி முன் நின்று நான்கு நாள் ஒத்திகை பார்த்த வணக்கத்தைச் சொன்னேன். யாரும் பதில் சொல்லவில்லை. என் பெயர் செல்வி என்றேன். அதற்கும் பதில் இல்லை. வாயைத் திறந்தால் புகை வரும் என்பதால்தான் பேசாமல் இருக்கிறார்கள் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று. அந்தச் சமயம் என் அப்பா தன் பெட்டி ஆட்டோவில் சரக்கோடு வந்து, இது தன் மகள்தான், படித்த வேலை கிடைத்திருக்கிறது என்று ஓடும் வண்டியிலிருந்தே கூவிவிட்டுப் போனார். பன்னிரண்டு பேரும் மூச்சு விட்டார்கள். நடுவில் இருந்த ஐம்பது வயதுக்காரர் மூடியிருந்த கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் சிவப்பாக ஒரு புள்ளி, பக்கத்தில் நசுங்கிய பீடி. அவர் பெயர் செல்லப்பன்.

"வேலுக்க மவளா நீ? ஃபைன் எழுத வந்தவன்னு நெனச்சு கையைச் சுட்டுக்கிட்டேன் பிள்ளே. செரி, நீ பேசத் தொடங்கதுக்கு முன்னாலேயே ஒரு பீடி அணைஞ்சாச்சு, எழுதிக்கோ."

தம்பானூரில் நின்ற பேருந்து

என்னிடம் ஒரு மூச்சு மிஷின் உண்டு. பதினைந்து நொடி மூச்சைப் பிடித்துவிட்டு அதன் குழாயில் ஊத வேண்டும். புகையின் விஷக்காற்று உடம்பில் இல்லையென்றால் பச்சை விளக்கு, கொஞ்சம் இருந்தால் மஞ்சள், நிறைய இருந்தால் சிவப்பு. தம்பானூர் பேருந்து நிலையத்தில் மேசை போட்டு உட்கார்ந்த அன்றுதான் இதன் முக்கியமான குறை தெரிந்தது. பார்க்கிறவர்களுக்கு இது குடித்தவர்களைப் பிடிக்கும் கருவியாகத்தான் தெரிகிறது.

நாகர்கோவில் பேருந்தின் ஓட்டுநர் நல்ல மனிதர். தினமும் ஒரு பாக்கெட் சிகரெட் என்று அவராகவே ஒத்துக்கொண்டார். ஆனால் பயணிகள் பார்க்க ஊதினால் ஒருவரும் வண்டியில் இருக்கமாட்டார்கள் என்று கெஞ்சினார். சரி என்று வண்டிக்குப் பின்னால் போனோம். ஒளிந்து ஊதினால் சந்தேகம் இன்னும் கூடும் என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. அவர் ஊதி முடித்து சிவப்பு எரிந்தபோது பின்கண்ணாடியில் ஏழெட்டு முகங்கள் ஒட்டியிருந்தன. இரண்டு பேர் பையோடு இறங்கிவிட்டார்கள். நான் வண்டிக்குள் ஏறி, இது பீடி சிகரெட்டுக்கு மட்டும் உள்ள மிஷின் என்று இரண்டு மொழியிலும் விளக்கினேன். கூடையோடு முன் சீட்டில் இருந்த அம்மா ஒருவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"சிகரெட்டுதானே, குடிச்சிட்டுப் போகட்டும். அவரு கண்ணாவது தொறந்திருக்கும். நீ அந்த மிஷினை எடுத்துக்கிட்டு எறங்கு மக்கா, எனக்கு மார்த்தாண்டத்துல எறங்கணும்."

பதினொரு மணி

நிறுத்த முயல்கிறவர்களுக்குத் தினமும் ஒருமுறை தொலைபேசியில் ஊக்கம் கொடுக்க வேண்டும் என்பது விதி. கோட்டைப் பக்கத்து அக்ரஹாரத்திலிருந்து வந்து ஒரு மிளகு மண்டியில் கணக்கு எழுதுகிற சிவராமன் சாருக்குப் பதினொரு மணியை ஒதுக்கியிருந்தேன். வீட்டுக்குத் தெரியாமல் முப்பது வருஷமாக மண்டியின் பின்கட்டில் சிகரெட் பிடிக்கிறவர். முதல் வாரம் முழுவதும் ஒழுங்காகப் பேசினேன். இன்று எப்படி இருக்கிறது, ஆசை வந்ததா, வந்தால் தண்ணீர் குடியுங்கள், பத்து நிமிடம் தள்ளிப் போடுங்கள். அவரும் ஆகட்டும் ஆகட்டும் என்பார். எட்டாம் நாள் நான் சொல்லி முடித்ததும் மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"கோவிச்சுக்காதேம்மா. காலம்பறலேர்ந்து பேரேட்டுல முழுகிண்டு அந்த ஞாபகமே இல்லாம இருக்கேன். கரெக்டா பதினொண்ணுக்கு நீ கூப்பிட்டு ஆசை வந்துதான்னு கேக்கறே, வந்துடறது. நாளைலேர்ந்து மிளகு வெலை கேளேன்."

பொன்முடி லயத்தில்

பொன்முடிக்குப் பேருந்து குறைவு. காலை வண்டியில் மலை ஏறினால் மதிய வண்டியில் இறங்க வேண்டும், அதை விட்டால் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே நடக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயங்களில் வரிசையாக ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு முன்னால் படங்களைக் கயிற்றில் தொங்கவிட்டுப் பேசினேன். ஆண்கள் தூரத்தில் நின்று கேட்டார்கள். பெண்கள் கிட்டே வந்து உட்கார்ந்தார்கள். இவர்கள் வழியாகத்தான் நல்லது நடக்கும் என்று எங்கள் கையேட்டில் எழுதியிருந்தது. எனவே, கணவர் புகைப்பதை நிறுத்த மனைவிதான் உதவ வேண்டும், முதல் பத்து நாள் அவருக்கு எரிச்சல் வரும், கோபம் வரும், தூக்கம் வராது, நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று படித்ததைச் சொன்னேன்.

கொழுந்து பறித்து விரல் நுனிகள் கறுத்திருந்த ஒரு பெண், முத்துமாரி என்று பெயர், என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் வீடு ஒரே அறை. அதில் ஐந்து பேர். கேள்வி கேட்கப் போகிறாள் என்று நினைத்து நான் பேனாவைத் திறந்தேன்.

"முதப் பத்து நாளு நீ வந்து எங்க வீட்டுல இரு தாயி. பதினோராம் நாளுலருந்து நான் பாத்துக்கிடுதேன்."

அப்பாவின் பச்சை

ஊர் முழுக்கப் புகையிலையைப் பற்றிப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் அப்பாவின் கன்னத்தில் ஒரு புடைப்பு இருக்கும். அப்பா பீடி தொட்டதில்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, நல்ல யாழ்ப்பாணப் புகையிலை, எல்லாம் சேர்ந்த முறுக்கான்தான் அவருக்கு. எங்கள் படிவத்தில் புகைக்கிறவர்களுக்கு மட்டும்தான் கட்டம் இருக்கிறது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஷினை அவர் முன்னால் வைத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு ஊதினார். பச்சை எரிந்தது. எரியத்தான் செய்யும், உள்ளே புகை போனால்தானே அது சிவப்பு காட்டும். மெல்லுவதும் அதே விஷம்தான் அப்பா, இந்த மிஷினுக்கு அது தெரியாது என்று சொன்னேன். அவர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆரியசாலைத் தேநீர்க்கடையில் அந்தப் பச்சையைப் பற்றிப் பேசியிருக்கிறார். பேச்சோடு பேச்சாக, பன்னிரண்டு பேர் ஊதும் விளக்கில்தான் தன் மகளுடைய வேலை நிற்கிறது என்பதையும் சொல்லியிருக்கிறார். அதைச் சொன்னது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். அன்று வீட்டில் அம்மாவிடம் அவர் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது.

"இந்த ஆரியசாலையில சுத்தமான ஆளு இப்போ நான் ஒருத்தனாக்கும். மிஷினே சொல்லியாச்சு."

நாலு, நாலு, நாலு

ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை சுமட்டுக் குழுவுக்கு ஊதும் நாள். முதல் மாதம் பன்னிரண்டும் சிவப்பு. இரண்டாம் மாதம் நாலு பச்சை. சந்தோஷத்தில் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவேன் போலிருந்தது. மூன்றாம் மாதம் நாலு, நான்காம் மாதமும் நாலு. ஐந்தாம் மாதம் செல்லப்பன் மாமா உள்பட நாலு.

கவலைப்படுகிறவர்களுக்கு நல்ல செய்தியும் உறுத்தும். மதியச் சாப்பாட்டு வேளையில் எல்லா மாதத்துத் தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எண் நாலுதான், பெயர்கள் வேறு. இரண்டாம் மாதம் பச்சையாக இருந்த நான்கு பேரும் மூன்றாம் மாதம் சிவப்பு. மூன்றாம் மாதத்துப் பச்சைக்காரர்கள் அடுத்த மாதம் சிவப்பு. நான்தான் பெயர் மாற்றி எழுதிவிட்டேனோ என்று பயந்தேன். தாள்களை எடுத்துக்கொண்டு லேகா மேடத்திடம் போனேன். அவர் மேலே இருந்த மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"செல்வி, நாலு நாலாகவே நிற்கிறது. மற்ற இடத்திலெல்லாம் ஏறி இறங்குகிறது. இவ்வளவு உறுதியான ஆட்களை நான் பார்த்ததில்லை."

தங்கையாவின் கடை

அந்த ஷட்டருக்கு எதிரே தங்கையா என்பவரின் பெட்டிக்கடை. குழுவின் பீடி முழுவதும் அங்கேதான். அவரிடம் நான் எப்போதும் கொஞ்சம் ஒதுங்கியே இருப்பேன்; என் வேலை நடந்தால் அவர் வியாபாரம் குறையும். அன்று வேறு வழியில்லாமல் போய், எலுமிச்சம்பழ சோடா ஒன்று கேட்டு, பாதி குடித்த பிறகு, இவர்களில் உண்மையாகவே பீடியை விட்டவர் யார் என்று கேட்டேன். தங்கையா கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய காலண்டரைக் காட்டினார். ஒவ்வொரு திங்கட்கிழமைக் கட்டத்திலும் நான்கு பெயர் பென்சிலில் எழுதியிருந்தது. இந்த வாரம் இந்த நாலு பேருக்குப் பீடி கொடுக்கக் கூடாது என்று குழு அவரிடம் சொல்லி வைத்திருக்கிறதாம். திங்கட்கிழமை முறை மாறுமாம்.

சுமட்டுக் குழுவில் எல்லாமே முறைதான். லாரிக்கு முறை, தேநீருக்கு முறை, ஓணத்து விடுப்புக்கு முறை. அப்பா தேநீர்க்கடையில் பேசிய அன்று பன்னிரண்டு பேரும் கூடி யோசித்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரேயடியாக விடுவது நடக்காது. ஒருத்தர் தலையில் மட்டும் வைப்பதும் நியாயமில்லை. ஆகவே வாரத்துக்கு நாலு பேர் என்று பங்கு போட்டு, புகையை நிறுத்துவதையும் முறையில் சேர்த்துவிட்டார்கள். நான் எந்தப் புதன்கிழமை வந்தாலும் நாலு பச்சை இருக்கும். ஏமாற்றுகிறோம் என்ற எண்ணம் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. முறைக்காரர்கள் அந்த ஏழு நாளும் உண்மையாகவே பீடியைத் தொடவில்லை என்று தங்கையாவே சாட்சி சொன்னார். நான் செல்லப்பன் மாமாவிடம் போய், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"ஏன்னு கேட்டா? ஒரு மூட்டையை ஒரே ஆளு ஆறு மாசம் சுமப்பானா? மாத்தி மாத்தித்தான் சுமக்கணும். எங்க பன்னெண்டு பேருக்க பீடியில மூணுல ஒரு பங்கு கொறஞ்சிருக்கு, போய்க் கணக்குப் போட்டுப் பாரு. உனக்க வேலை நிக்கணும்லா பிள்ளே."

குறிப்பு என்ற கட்டம்

அவர் சொன்ன கணக்கு சரி. அதுதான் என்னைப் படுத்தியது. பன்னிரண்டு பேர், மூன்றில் ஒரு பங்கு புகை குறைந்திருக்கிறது. என் பேச்சைக் கேட்டு ஒரு மனிதனும் இதில் பாதிகூடச் செய்ததில்லை. ஆனால் படிவம் கேட்பது முப்பது நாளாக விட்ட ஆளை. அப்படி ஒருவரும் இல்லை. பேசாமல் இருந்துவிட்டால் கடைசிப் புதன்கிழமையும் நாலு பச்சை எரியும். ஒரு நாள் முழுக்கப் பீடி தொடாமல் இருந்தாலே அந்த மிஷினுக்குப் போதும். நாலு பேரும் 'முப்பது நாள்' என்று எனக்காகப் பொய் சொல்வார்கள். என் ஒப்பந்தம் நீளும். இதை எழுதும்போது வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: இரண்டு நாள் நான் பேசாமல்தான் இருந்தேன். மூன்றாம் நாள் லேகா மேடத்திடம் காலண்டர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு ஆரியசாலைக்குப் போய், ஆபீசில் சொல்லிவிட்டேன், எனக்காக இனி யாரும் முறை எடுக்க வேண்டாம் என்றேன். முறையில் இருந்த மூன்று பேர் அங்கேயே தங்கையா கடைக்கு நடந்தார்கள். செல்லப்பன் மாமா தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு லாரிப் பக்கம் போய்விட்டார். கோபம் என்று நினைத்தேன்.

லேகா மேடம் திட்டவில்லை. என் அறிக்கையைத் திரும்பத் திரும்பப் படித்தார். 'குறிப்பு' என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்தது கட்டத்துக்கு வெளியே வழிந்து, தாளின் பின்பக்கம் முழுவதும் போயிருந்தது. படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பொய் சொல்லி வாங்கிய நூறு பச்சை என் அலமாரியில் இருக்கிறது, செல்வி. உண்மை சொல்லி வந்த சைபர் இதுதான் முதல். இதை மேலே எப்படி அனுப்புவது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை."

மாற்று ஆள்

ஆறாம் மாதத்துக்கு முதல் புதன்கிழமை கிடையாது; மாதக் கடைசிப் புதன்கிழமை இறுதிச் சோதனை மட்டும்தான். முடிவு தெரிந்த பரீட்சைக்குப் போவதுபோல் போனேன். அப்பாவுக்குச் சொல்லவில்லை. ஆனால் அவர் காரணமே இல்லாமல் தெருமுனையில் ஆட்டோவை நிறுத்திவிட்டு டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். குழுவில் ஒவ்வொருவராக வந்து, என் முகத்தைப் பார்க்காமல் ஊதினார்கள். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. இனிப் பொய்க்கு வேலையில்லை என்றதில் அவர்களுக்கும் ஒரு நிம்மதி, எனக்கும் ஒரு நிம்மதி. பதினொரு சிவப்பு முடிந்து கடைசியில் செல்லப்பன் மாமா ஊதினார். பச்சை.

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. வேண்டாம் என்று அவ்வளவு சொல்லியும் நேற்று ஒரு நாள் எனக்காகப் பட்டினி கிடந்திருக்கிறார் என்று நினைத்தேன். எதிர்க்கடையைப் பார்த்தேன். தங்கையா அப்படி இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, ஒரு கண்ணாடி ஜாடியைத் தூக்கிக் காட்டினார். ஆரஞ்சுச் சுளை போலிருக்கும் நாரங்கா மிட்டாய், அடியில் நாலைந்துதான் மிச்சம். ஏழு வாரமாக இவர் பீடிக்கட்டு வாங்கவில்லை, இந்த மிட்டாயைத்தான் தின்று தீர்க்கிறார் என்றார். நான் மாமாவிடம் திரும்பி, இது உங்கள் முறைகூட இல்லையே என்றேன். அவர் வாயில் இருந்த மிட்டாயைக் கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"அண்ணைக்கு நீ வந்து வேண்டாம்னு சொல்லும்போ என் முறையாக்கும். திங்கக்கிழமை மாத்த வேண்டிய ஆளு அதுக்கப்பறம் வரவே இல்லை. மாத்து ஆளு வராம சுமையைப் பாதி வழியில போடதுக்கு நான் என்ன, நேத்து வந்தவனா?"

நீட்டிப்பு

முப்பது நாளைத் தாண்டியவர் ஒருவர் என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில் அவர் சொன்னதை அப்படியே எழுதினேன், மிட்டாய் உள்பட. சிவராமன் சார் இன்னும் வாரத்துக்கு ஒன்றிரண்டு சிகரெட்டில் நிற்கிறார். அவரை எழுத முடியவில்லை. மிளகு விலை மட்டும் எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். பத்து நாள் கழித்து லேகா மேடம் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். வழக்கம்போல் மெதுவான குரல்.

"ஒரு வருஷம் கேட்டேன், மூன்று மாதம் தந்திருக்கிறார்கள். அதுவரைக்கும் அந்த மாற்று ஆள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்."

ஆறு மாதம் தொண்டை வற்றப் பேசியதில் என் பேச்சைக் கேட்டுப் புகையை விட்டவர் யாருமில்லை. சுமையை வாங்கிக்கொள்ள ஆள் வராததால் விட்டவர் ஒருவர், அவர் தயவில்தான் நான் இப்போதும் கழுத்தில் அட்டையோடு உங்கள் தெருவுக்கு வருகிறேன்.